கோரிமேட்டில் இறங்கும் கால்

பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் கடலூரிலிருந்து வந்து புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் இருந்தவர் அரசாங்க மருத்துவச்சி. படித்தது முழுக்கப் பிரெஞ்சில். இனி வேலையில் நீடிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்திருந்தது. ஒரு முறை தவறிவிட்டார். இன்னொரு முறை தவறினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கணவர் இல்லை. வேறு வருமானமும் இல்லை.

"தம்பி, நீ இங்கிலீஷுல படிச்சவன்தான? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்," என்றார்.

தேர்வில், தெரிந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பேசலாம். அவர் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார். "பதினாறு வருசமா அதும்மேலதான் குந்தியிருக்கேன். அதைப் பத்திப் பேச வராதா எனக்கு?"

முதல் நாள் பேசச் சொன்னேன். சைக்கிள் நல்லது, செயின் கழலும், நானே மாட்டுவேன் என்று மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்தினார். எனக்கு அது போதவில்லை. எனக்கு வயது இருபத்து மூன்று. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அபார மதிப்பு. மூன்று வாக்கியத்தை ஒன்றரைப் பக்கமாக்கினேன். சைக்கிள் ஏழையின் தேர் ஆனது. உற்ற தோழன் ஆனது. அதிகாலைத் தென்றல் இரண்டு இடத்தில் வீசியது. அவர் அதை மனப்பாடம் செய்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூட வழக்கப்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"தேருன்னா வடம் புடிக்க ஆள் வேணாமா தம்பி?" என்று ஒரு முறை கேட்டார். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊர்க்கோடியில் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டி, பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்கப் போவார். பேச்சுப் பழக்கத்துக்காக நானும் என் சைக்கிளில் கூடப் போனேன். கோரிமேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவர் இறங்குவார். பத்தடி தள்ளிக்கொண்டு நடப்பார். மறுபடி ஏறிக்கொள்வார். ஒரு ஞாயிறுகூட இது தவறவில்லை. கவனித்ததை வீணாக்கக் கூடாது என்று தேர்வுப் பேச்சில் சேர்த்தேன்: 'சாலை செங்குத்தாக ஏறுவதால் அங்கே இறங்கித் தள்ளுகிறேன்.' படித்துக் காட்டியபோது என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி, எழுதிக்கோ," என்றார்.

தேர்வு கடற்கரைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நடந்தது. நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். தலைக்கு மேலே பலகைச் சன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே பேசியது அத்தனையும் கேட்டது. தேர்வாளர் சென்னைக்காரர், நிதானமான குரல். மருத்துவச்சி தேர், தோழன், தென்றல் எல்லாவற்றையும் கடந்து கோரிமேட்டுக்கு வந்தார்.

"அந்தச் சாலை எனக்குத் தெரியும். அப்படி ஒன்றும் ஏற்றம் இல்லையே?" என்றார் தேர்வாளர்.

"இல்லை, சார்."

"பிறகு ஏன் இறங்குகிறீர்கள்?"

ஒப்பிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேலை போயிற்று, போக்கியது நான் என்று நினைத்தேன். அப்புறம் அவர் பேசினார். அவருடைய ஆங்கிலத்தை முடிந்தவரை அப்படியே தமிழில் தருகிறேன்.

"முன்பு அங்கே தடுப்பு. இந்தப் பக்கம் பிரெஞ்சு. அந்தப் பக்கம் இந்தியா. இறங்க வேண்டும். சைக்கிள் நம்பர் எழுதுவார்கள். பையைத் திறப்பார்கள். ஒரு நாள், மத்தியானம். அந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு வலி. நான் தடுப்பில் நின்றேன். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் கையெழுத்து வேண்டும். நான் நின்றேன். அவர் வந்தார். நான் போனேன். குழந்தை அழுதது. அம்மா இல்லை."

அவரே தொடர்ந்தார்.

"பிறகு தடுப்பை எடுத்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். அதே ஊர். வேகமாகப் போனேன். அந்த இடம் வந்தது. என் கால் இறங்கியது. யாரும் இல்லை. யாரும் கேட்கவில்லை. ஒரு காகம் இருந்தது. நான் ஏறினேன். போனேன். குழந்தை என் கையில் வந்தது. அம்மா இருக்கிறாள். இப்போதும் கால் இறங்குகிறது. சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை."

அதன் பிறகு முப்பது வருடம் செய்தி எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியதை வெட்டியிருக்கிறேன். அந்தப் பேச்சில் வெட்ட எனக்கு இன்றுவரை ஒரு சொல் கிடைக்கவில்லை. அன்று பெஞ்சில் அதெல்லாம் தோன்றவில்லை. எழுந்து நின்றிருக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"போய் உங்கள் வேலையைப் பாருங்கள், அம்மா," என்றார் தேர்வாளர்.

மருத்துவச்சி வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பாஸுதான் தம்பி. அந்த மனுசன் எழுந்து நின்னாரு. பிரெஞ்சுக்காரன்கூட எனக்கு எழுந்து நின்னதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீயே ஏத்தம்னு எழுதிக்கிட்ட. இங்கிலீஷு நல்லாயிருந்திச்சி, உட்டுட்டேன்."

அடுத்த ஞாயிறும் போனோம். தேர்வு முடிந்துவிட்டதால் தமிழிலேயே பேசிக்கொண்டு போனோம். யாருக்கோ பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே இறங்கினார். பல முறை போன சாலையை அன்றுதான் பார்த்தேன். இறங்க வேண்டிய அளவுக்கு அதில் ஏற்றம் இல்லை. நானும் இறங்கினேன். பத்தடி தள்ளிக்கொண்டு நடந்தோம்.