மூடிய வான்டன்

நாவலூரின் நெரிசலான கான்டனீஸ் நூடுல்ஸ் கடையில், சூப்பில் மிதந்த வான்டனின் மாவுத்தோலைத் தின்னும் முன் கரண்டியால் கிழித்துப் பார்த்தேன். உள்ளே எந்த இறைச்சியோ என்ற ஐயம் அம்மாவிடமிருந்து வந்தது.

என் ஒன்பதாவது வயதில், மாமல்லபுரத்தில் இத்தகைய கடையொன்றுக்கு அத்தா என்று நான் அழைக்கும் அப்பா எங்களை அழைத்துப் போனார். தானும் அங்கே முதன்முறையாக வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா ஒவ்வொரு வான்டனையும் கிழித்தார்.

“இறாலுதாம்மா கீது,” என்றார் சமையல்காரர்.

“அப்ப ஏன் மூடி வச்சிகினு கீறீங்க?”

சமையல்காரர் சிரித்தபடி அத்தாவிடம் திரும்பினார். “பாய், உங்களுக்கு எப்பவும்போல மிளகா ஜாஸ்திதானே?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “யாரோட வந்துகினு இருந்தீங்க?”

“தனியாத்தான்,” என்றார் அத்தா.

அம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இன்று, வீட்டில் எவரிடமும் சொல்லாமல் இந்தக் கூட்டத்தில் தனியே அமர்ந்திருக்கையில், அவரை நம்பலாமோ என்று முதன்முறையாகத் தோன்றுகிறது.