இடப்பக்கத்துப் பெட்டி

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு செய்த முதல் காரியம், யானைக்குட்டி உயரத்தில் ஒரு பைக் வாங்கியதுதான். நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியாம். ஜவ்வாது மலை சுகாதார நிலையத்தில் காலமெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்த மனுஷன், இனிமேல் கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறாராம். யாரோடு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின மழைக்காலத்தில், துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வேலூரில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் என்றைக்கு அப்படி உட்கார்ந்தேன்? கல்யாணமான நாளிலிருந்து, அவருடைய பழைய வண்டியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடப்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுத்தான் இந்த மலையின் அத்தனை வளைவுகளையும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் கட்டிலில் கிடந்த வலியில், இனிமேல் செத்தாலும் வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரு நாள் கத்திவிட்டேன். என் வாய் அப்படி. அது எங்கள் தெருவுக்கே தெரியும். கூடவே குடியிருக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? பழைய வண்டியை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை வா என்று கூப்பிடவில்லை.

ஊன்றுகோலை விட்டுவிட்டுச் சந்தை வரைக்கும் நான் நடந்து போய் வர ஆரம்பித்த பிறகும் கூப்பிடவில்லை. நானாகப் போய், என்னையும் கூட்டிப் போங்கள் என்று கேட்க வீம்பு விடவில்லை. புது வண்டி வாசலில் வந்து நின்றபோது அதன் பின்சீட்டைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல அகலம். தாராளமாக உட்காரலாம். அந்த ஒரு வாரம் நான் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தேன்.

அப்புறம்தான் பெட்டிகள் வந்தன. கூரியர்காரர்கள் மலையேற மாட்டோம் என்று போளூரிலேயே இறக்கிவிட்டார்கள். இவர் போய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அலுமினியத் தகட்டில் செய்த இரண்டு பெட்டிகள், மூடியும் பூட்டுமாக. கோயிலுக்குப் புது உண்டியலா என்று பஸ்ஸில் வந்தவர்கள் வழியெல்லாம் கேட்டார்களாம்.

மாட்டுகிற வேலை இரண்டு நாள் நடந்தது. முதலில் வண்டியின் இருபுறமும் இரும்புக் குழாயில் ஒரு சட்டம். அதன் மேல் பெட்டி. ஸ்பேனரும் கையுமாக வாசலில் உட்கார்ந்துகொண்டு, சைலன்சர் சூடு தகட்டில் ஏறுமா, இண்டிகேட்டர் மறையுமா, டயரில் உரசுமா என்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். சாவியைத் திருகினால் பெட்டி கழன்று வருகிற மாதிரி அதிலேயே ஒரு பூட்டு இருந்தது. அதை அவர் நம்பவில்லை. நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் தாங்காது என்று சொல்லி, தானே துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கினார். காபி கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பெட்டி ஏறியிருந்தது. நான் காலைத் தொங்கப்போட வேண்டிய இடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது.

சைலன்சரை அளந்தவர் என்னை அளக்கவில்லை. நீ வரவேண்டாம் என்று வாயால் சொல்ல வேண்டியதைத் தகட்டில் அடித்து மாட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு தினம் சாயங்காலம் பெட்டிகளோடு அமிர்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார். எதற்கு என்று கேட்டால், பழக வேண்டாமா என்பார். முகம் மட்டும் வாடியிருக்கும்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். யார் வண்டி வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வெறும் வண்டியை மந்திரிக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் ஏறி உட்கார வேண்டும். டிராக்டராக இருந்தால்கூடக் குடும்பமே தொற்றிக்கொண்டு நிற்கும். இந்த வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனதா, வேண்டுமென்றே நினைக்காமல் இருந்தோமா, தெரியவில்லை.

இவர் ஏறி உட்கார்ந்தார். நீங்களும் ஏறுங்கம்மா என்றார் ஃபாதர். நான் பக்கத்தில் போய் நின்றேன். எங்கே ஏறுவது? பெட்டி என் இடுப்பை இடித்துக்கொண்டு நின்றது. பூசைக்கு வந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கீழேயே நிற்கிறேன் ஃபாதர் என்று சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தேன். பாதியிலேயே குரல் உடைந்துபோனது.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் தீர்த்தச் செம்போடு காத்திருந்தார். அவ்வளவு முடுக்கி வைத்திருந்ததால் போல்ட்டுகள் லேசில் கழலவில்லை. கடைசியில் பெட்டி கையோடு வந்தபோது கனம் தாங்காமல் தடுமாறினார். இரண்டு பேர் ஓடிவந்து பிடித்துக் கீழே வைத்தார்கள். காலிப் பெட்டி இப்படிக் கனக்குமா? மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிமெண்டுச் சாக்கில் கட்டிய ஓடை மணல்.

"இன்னாத்துக்குங்க இது?" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "நீதான் ஏறமாட்டேன்னுட்டியே. பின்னால வெறுமனே இருந்தா வளைவுல வண்டி கைக்கு அடங்க மாட்டேங்குது. இத்தினி வருசம் ஒன்ன வச்சே ஓட்டிட்டு, எனக்குத் தனியா ஓட்டத் தெரியல. அதான் நீ உக்கார்ற பக்கமா மண்ண வச்சிப் பாத்தேன்."

"சரியா வந்துச்சா?"

"வர்ல."

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோயில் படி ஓரமாக நிறுத்தினார். நான் படியில் ஏறி, அங்கிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டுக்கு நகர்ந்தேன். பெட்டி போனாலும் சட்டம் அங்கேயே இருந்தது. அதன் அடிக்குழாயில் கால் வைக்க நன்றாகவே இருந்தது. ஃபாதர் எங்கள் மேல் தீர்த்தம் தெளித்தார். கழற்றிய பெட்டியையும் மந்திரிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார் இவர்.

கோயிலைத் தாண்டியதும் ஒரு வளைவு. வண்டி சாய, நானும் சாய்ந்தேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. வலப்பக்கம் மிச்சமிருந்த பெட்டியை அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"பொட்டி ஒண்ணுதான் இருக்குது," என்றேன் அவர் காதருகே. "கன்னியாகுமரிக்கு என் பொடவைக்கே சரியாப் பூடும். ஒங்க துணிக்கு வேற எடம் பாத்துக்கங்க."

அவர் ஹெல்மெட்டோடு கண்ணைத் துடைக்க முடியாமல், வண்டியை ஓரமாக நிறுத்தினார்.