மலையேறி வந்த கப்பல்

பிள்ளைகளே, நேற்று உங்கள் அம்மா கிழங்கை அவித்து இறக்கியதும் மூன்று பேரும் முகத்தைச் சுளித்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் கிழங்கு ஆறிப்போயிருக்கும். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெர்மன் சண்டை நடந்த காலம் அது. இதே மலையில், இன்னும் மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், நாங்கள் இருந்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. தின்பதற்கு அதில் என்ன இருக்கிறது? எங்கள் சோறு கடலுக்கு அந்தப் பக்கம், ரங்கூனில் விளைந்தது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, மாட்டுவண்டியில் போடிக்கு வந்து, அடிவாரத்திலிருந்து இரும்புக் கம்பியில் மூட்டை மூட்டையாகத் தொங்கிக்கொண்டு மேகத்தைக் கிழித்து மேலே வரும். கொஞ்சம் மக்கிய வாடை அடிக்கும். ஆனாலும் அரிசி.

அந்த ஆடியில் கம்பி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கப்பல் வரலை." நான் கடலைப் பார்த்ததில்லை. அரிசி வருகிற கம்பியில்தான் கப்பலும் தொங்கிக்கொண்டு வரும் என்று நினைத்து, மழையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய சாமானைக் கம்பி தாங்குமா என்பது என் கவலை.

வீட்டில் வேறு கவலை. பாப்பாவுக்கு, அதாவது என் தங்கைக்கு, குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அரிசிக் கஞ்சியைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தோட்டத்து ஸ்டோரில் அரிசியைப் பாதியாகக் குறைத்து, பிறகு கதவையே பூட்டிவிட்டார்கள். பாப்பாவுக்கென்று ஒரு துணி முடிச்சில் கொஞ்சம் அரிசியை அம்மா ஒளித்து வைத்திருந்தாள். அதிலிருந்து வேளைக்கு ஒரு பிடிதான் எடுப்பாள்.

என்னைப் பெற்ற அய்யா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலைல எறங்குறோம். ஊருல கம்பாச்சும் கெடைக்கும்."

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களோடுதான் இருந்தார். தோட்டத்திலேயே தனக்குத்தான் மலையாளம் அத்துப்படி என்று பீற்றிக்கொள்வார். ஒருவரும் நம்பியதில்லை.

"இந்த மழைக்குள்ள புள்ளையத் தூக்கிட்டு எறங்குனா, கீழ போயிச் சேர மாட்டா மச்சான்" என்றார்.

"இங்கன கெடந்தா மட்டும்? கப்பல் வரட்டும், இருக்கேன். வரலையா, எறங்குறேன். அம்புட்டுத்தான் மாப்ள."

அம்மா பாப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டார் முதலில் இறங்கிப் போனார்கள். அய்யா மூட்டையைத் தலையில் ஏற்றினார். அம்மா பாப்பாவைக் கம்பளியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டாள். அட்டை கடிக்காமலிருக்க என் காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவினார்கள். அப்போது வண்டிப்பாதையிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தார் மாமா.

"மச்சான்! கப்பல் வந்திருச்சு! வண்டிக்காரன் மலையாளத்துல சொன்னான், என் காதால கேட்டேன்!"

லயம் முழுவதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அய்யா மூட்டையை இறக்கினார். அம்மா அழுதுகொண்டே அடுப்பை மூட்டி, முடிச்சிலிருந்த அரிசி அத்தனையையும் உலையில் போட்டுவிட்டாள். அதுதான் கப்பலே வந்துவிட்டதே! மாமா வாசலில் நின்று அந்த உலையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

ஓடினவர்கள் திரும்பி வந்தார்கள். சாக்குகளில் இருந்தது மண் ஒட்டிய மரவள்ளிக்கிழங்கு. மேற்கே மலையாளத்துச் சீமையிலிருந்து வண்டி கட்டி வந்தது. வண்டிக்காரன் சொன்னது "கப்ப வந்நு". கிழங்கை அவர்கள் கப்ப என்பார்கள்.

"ஏப்பா மலையாள வாத்தியாரே, எங்கப்பா உன் கப்பலு?" கடைசி வீட்டு அத்தை ஒரு கிழங்காலேயே அவர் முதுகில் போட்டாள். "இந்தா, பாய்மரத்தோட அவிச்சுத் தின்னு!"

மாமா தலையைச் சொறிந்தார். "ஒத்த எழுத்துத்தானே அத்தை கொறையுது."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. மூட்டையை மறுபடி தூக்கப் போனவர், வெளியே மழை அடிக்கிற அடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

பொழுது சாயும்போது பக்கத்து வீட்டார் சேறும் ரத்தமுமாகத் திரும்பி வந்தார்கள். பாதை இடிந்து விழுந்துவிட்டதாம். அவர்கள் சாமானெல்லாம் பள்ளத்தோடு போயிற்று. அதன்பிறகு அய்யா இறங்குகிற பேச்சை எடுக்கவில்லை. அம்மா கிழங்கை மசித்து, மிச்சமிருந்த கஞ்சியில் கரைத்துப் பாப்பாவுக்கு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் நாங்கள் எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை. அந்தப் பாப்பாதான் பொங்கலுக்குப் பொங்கல் வந்து உங்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிற அத்தை.

மாமாவுக்குக் கப்பல்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மீசை அரும்பின வயதில் ஒருநாள் அவரோடு மலையாளத்துச் சந்தைக்குப் போனேன். அங்கே கிழங்கு வியாபாரியோடு அவர் பேசிய மலையாளத்தைக் கேட்டு வாயைப் பிளந்து நின்றேன். தண்ணீராய் ஓடியது. வியாபாரி அவரைத் தன் ஊர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டான். இந்த மனிதருக்கா ஒத்த எழுத்து காதில் விழாமல் போயிருக்கும்? உலையைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது பசியால் இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? கப்பதான் வாங்குறேன். கப்பல் இல்ல."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, உங்கள் அம்மா உரித்துப் போட்டிருந்த கிழங்குத் தோலில் நன்றாக வளைந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். வாசல் ஓடையில் இறக்கிவிட்டேன். மழைத்தண்ணீர் அதைச் சுழற்றிச் சுழற்றி இழுத்தது. கவிழாமல் ஏலக்காட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.