தனுஷாவின் மூன்று நீலப் பிஸ்டல்கள்

உண்மையான பிஸ்டலைத் தூரத்தில் கண்டாலே தனுஷாவின் கால் தெருவின் மறுபக்கத்துக்குத் திரும்பிவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டை நடந்த அந்தக் காலத்தில் அங்கே வளர்ந்தவளுக்கு வேறென்ன செய்ய வரும்? ஆனாலும் பாருங்கள், விடிந்தால் பொழுதுபட்டால் அவள் கையில் பிஸ்டல்தான். நீல நிறப் பிஸ்டல். சுடாது, சத்தம் போடாது, குழாயில் ஓட்டைகூடக் கிடையாது. உண்மையானதன் உருவத்தை அச்சொட்டாக வார்த்தெடுத்த வெறும் கட்டி.

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் முந்திக் கல்லுடைத்த பெருங்குழியைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்குக் கிட்ட ஒரு பட்டறை. காவல்காரர்கள் இடுப்பில் கட்டுகிற பிஸ்டல் உறைகள் அங்கேதான் பிறக்கின்றன. கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினால் அது தோசை மாதிரி இளகும். அதை நீலப் பிஸ்டலின் மேல் போர்த்தி, மூடியை இறக்கி அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறும்போது தகடு பிஸ்டலின் உருவத்தை வாங்கிக்கொள்ளும். போர்த்துவதும் காத்திருப்பதும் தனுஷாவின் வேலை. காத்திருக்கிற நேரத்தில் அவள் எங்கே போய்வருவாள் என்பது அவளுக்கே தெரியாது. வெக்கையில் கண் செருகும். யன்னலுக்கு வெளியே மேப்பிள் இலை விழும். அது விழுந்து முடிவதற்குள் அவள் ஒரு கடற்கரையில் நடந்துவிட்டு வந்திருப்பாள். இவள் வேலை செய்கிறாளா கனவு காண்கிறாளா என்று முதலாளி லூக்குக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உறை சரியாக வருகிறபடியால் அவன் கேட்பதுமில்லை.

அவளுடைய கனவுகளுக்குத் தீனி போடுவது அவள் புருஷன் இரவிச்சந்திரன். மனுஷன் வங்கிகளுக்குப் பணம் ஏற்றிப் போகிற இரும்பு வண்டியில் காவலாளி. அந்த வண்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு யன்னல். கண்ணாடி அவ்வளவு தடிப்பம், அதனூடாகப் பார்த்தால் மொன்றியல் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் பச்சையாகக் கிடப்பதுபோல் இருக்குமாம். டவுன்டவுனில் ஆட்கள் வருமுன் தெருவின் சாக்கடை மூடிகளிலிருந்து ஆவி எழும்பும். வெள்ளைச் சட்டையோடு ஒரு சமையல்காரன் பின்கதவில் சாய்ந்து நின்றபடி தூங்குவான். பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது ஆறும் வானமும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பின்னேரமும் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இதையெல்லாம் சொல்லுவார். அவள் மறுநாள் முழுக்க அமுக்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பச்சை நகரத்துக்குள் நீந்துவாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த எதையும்விட இந்தக் கதைகளில்தான் அவளுக்கு ஆசை.

இதற்குத்தான் ஆபத்து வந்தது. போன மாரிக் குளிரோடு அவருடைய வலக்கைப் பெருவிரல் முட்டு வீங்கி, மடங்க மறுத்தது. இரும்பு வண்டியில் போகிறவர்கள் வருடா வருடம் சுடுகளத்தில் சோதனை கொடுக்க வேண்டும். விசில் ஊதியதும் உறையிலிருந்து பிஸ்டலை உருவிச் சொன்ன நேரத்துக்குள் சுட வேண்டும். போனமுறை இரண்டாந்தரம் முயன்று, தட்டுத்தடுமாறித்தான் தேறினார். இந்தமுறை விட்டால் வண்டியிலிருந்து இறக்கி, யன்னலே இல்லாத ஒரு அறைக்குள் இருத்திவிடுவார்கள். அங்கிருந்து என்ன கதையைக் கொண்டுவருவது?

அந்த நேரம் பார்த்து அவருடைய கொம்பனி பழைய துப்பாக்கிகளை மாற்ற நினைத்தது. மூன்று நாட்டுப் பிஸ்டல்கள் கடைசிச் சுற்றில் நின்றன. காவலாளிகள் மூன்றையும் கட்டிப் பார்த்து, சுட்டுப் பார்த்து, எது நல்லது என்று சொல்ல வேண்டும். அதோடு அந்த வருடச் சோதனையையும் முடித்துவிடலாம். மூன்றுக்கும் மாதிரி உறை செய்யும் வேலை லூக்கின் பட்டறைக்கு வந்தது. ஆக, தனுஷாவின் கைக்கு மூன்று புது நீலப் பிஸ்டல்கள் வந்து சேர்ந்தன.

பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளைப்போல அவற்றை மேசையில் நிறுத்திப் பார்த்தாள். பிறந்த நாட்டை வைத்து ஒஸ்ரியாக்காரன், ஜேர்மன்காரன், செக்காரன் என்று பெயரும் வைத்தாள். முதற்பார்வையில் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். நீளம் ஏறக்குறைய ஒன்று, பாரமும் அப்படித்தான். கண்ணை மூடித் தடவினால்தான் குணம் தெரியும். ஒஸ்ரியாக்காரன் செங்கல்லைப்போல நேர்நேராக இருப்பான். ஜேர்மன்காரனின் பிடி உள்ளங்கைக்கு ஏற்றபடி உருண்டு கொடுக்கும். செக்காரன் மூக்குப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியவன். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அதில்தான் உறையின் உயிர். தகடு அந்த வளையத்துக்குள் கொஞ்சம் பதிந்தால்தான் உறை பிஸ்டலைக் கவ்விப் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிப் பதிந்தால் உருவ வராது. பதியாவிட்டால் பிடிப்பே இராது. அதற்காக ஒவ்வொன்றின் வளையத்துக்குள்ளும் ஒரு சின்ன மரத்துண்டை வைத்து ஒட்டுநாடாவால் சுற்றுவார்கள். துண்டு தடித்தால் தகடு குறைவாகப் பதியும், மெலிந்தால் கூடுதலாகப் பதியும். ஒஸ்ரியாக்காரனுக்குத் தடித்த துண்டு, ஜேர்மன்காரனுக்கு மெல்லியது, செக்காரனுக்கு நடுத்தரம்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்த வேலையைச் செய்தாள்.

நவராத்திரி வந்தது. கடைசி நாள் அவர்கள் வீட்டில் ஆயுத பூசை. அவரவர் தொழில் செய்கிற சாமானைக் கும்பத்துக்கு முன் வைத்து, சந்தனம் குங்குமம் பூசிக் கும்பிடுவது வழக்கம். வேறு வருடங்களில் தனுஷா கத்தரிக்கோலை வைப்பாள்.

"இந்த முறை அந்த நீலச் சாமான்களை வையுமன்" என்றார் இரவி. "பேருக்கு ஆயுத பூசை, வைக்கிறது கத்தரிக்கோல். சரஸ்வதி சிரிக்கப் போறா."

பகிடிக்குச் சொன்னார். அவளோ அதைப் பிடித்துக்கொண்டாள். இந்த மூன்றில் ஒன்றைத்தானே இனி இவர் இடுப்பில் கட்டப்போகிறார், இவருடைய விரலுக்காக ஒரு கும்பிடு போட்டால் என்ன? லூக்கிடம் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கி, "பஸ்ஸில் வெளியே எடுத்துவிடாதே, அவ்வளவுதான்" என்றான். துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

அன்றைய பூசை அவளுக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தில் நீலம் கடல்நீலமாகிப் பளபளத்தது. மூன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவல், கடலை, சுண்டல் நடுவே மூன்று மாப்பிள்ளைகளும் சாதுவாகப் படுத்துக் கிடந்தார்கள். சாம்பிராணிப் புகை அவற்றின் மேல் தவழ்ந்துபோனபோது, ஒரு துப்பாக்கிக்கும் சுடத்தெரியாத உலகம் ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே கன நேரம் இருந்தாள்.

மறுநாள் காலையில் சந்தனத்தைக் கழுவ வேண்டியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்தாள். ஒட்டுநாடா கழன்று மரத்துண்டுகள் மிதந்தன. துடைத்து, துண்டுகளைத் திரும்ப வைத்துச் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அந்தக் கிழமையே உறைகள் தயாராகிக் கொம்பனிக்குப் போயின.

சோதனை முடிந்து லொங்குய்ய் பக்கத்துச் சுடுகளத்திலிருந்து இரவி வீட்டுக்கு வந்தபோது படியில் ஏறுகிற சத்தமே வேறாக இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு அவர் இப்படி இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி அவள் கேட்டதில்லை.

"முதல் தரத்திலேயே பாஸ், தனுஷா! ஜேர்மன்காரன் எண்டால் ஜேர்மன்காரன்தான். கையை வைக்க முந்தி வாறான். பெருவிரலே தேவையில்லை!"

"மற்ற ரெண்டும்?"

"ஒஸ்ரியாக்காரன் சரியான பிடிவாதக்காரன். இழுக்க இழுக்க வாறானில்லை. செக்காரன் பரவாயில்லை. எல்லாரும் ஜேர்மன்காரனுக்குத்தான் கை தூக்கினவை."

அன்று பின்னேரம் தொலைபேசியில் ஒரே பிஸ்டல் ஆராய்ச்சி. கூட வேலை செய்கிற றொசான் மன்னார்ப் பக்கத்து ஆள், அவனும் ஜேர்மன் கட்சி. ஜேர்மன்காரனின் இரும்பு வேறு என்றார் ஒருவர். இல்லை, பிடியின் வளைவுதான் காரணம் என்றார் மற்றவர். ஒஸ்ரியா எப்போதும் இப்படித்தான் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆம்பிளைகளுக்குத் துப்பாக்கிப் பேச்சு வாய்த்தால் வேறு என்ன வேண்டும்!

தனுஷா கேட்டுக்கொண்டே மீன் கழுவினாள். அவளுக்கும் மகிழ்ச்சி பொங்கியது. பச்சை நகரம் இனி எங்கும் போகாது, அம்மாளாச்சி கண் திறந்துவிட்டாள். அப்படி நினைத்தபோதுதான் கைக்கு ஏதோ உறைத்தது. கண்ணை மூடித் தடவிய கை அது. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? ஒருவன் இழுத்தாலும் வராமல், இன்னொருவன் கேட்காமலே வருவானேன்?

மறுநாள் பட்டறையில் ஜேர்மன்காரனின் ஒட்டுநாடாவை உரித்தாள். வளையத்துக்குள் தடித்த துண்டு இருந்தது. மரத்தின் ஓரத்தில் கழுவாமல் விட்ட குங்குமம் ஒரு கோடு. ஒஸ்ரியாக்காரனை உரிக்கத் தேவையில்லை. என்றாலும் உரித்துப் பார்த்தாள், மெல்லியது.

அத்தனை ஆம்பிளைகளும் ஒப்பிட்டுப் பார்த்தது பிஸ்டல்களை அல்ல, அவள் அரைத்தூக்கத்தில் மாற்றி வைத்த இரண்டு மரத்துண்டுகளை. ஜேர்மன்காரன் கையை வைக்க முந்தி வந்தது அவனுடைய கெட்டித்தனத்தால் அல்ல. உறை அவனைப் பிடிக்கவேயில்லை. அந்தப் பிஸ்டல் இரவியின் கைக்கு மட்டுமா வரும்? ஏதோ ஒரு கடைத்தொகுதியில் பணப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் குனியும்போது, பின்னால் வருகிற எவனுடைய கைக்கும் வரும்.

சொல்லாமல் விடலாமா என்று அவள் யோசித்ததை மறைக்க நான் விரும்பவில்லை. யோசித்தாள், ஒரு நாள் முழுக்க. சரியான உறை செய்து கொடுத்தால் இந்தத் தேர்ச்சி செல்லாது. மனுஷன் திரும்பச் சுடுகளத்துக்குப் போய் மடங்காத விரலோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேறாவிட்டால் யன்னலில்லாத அறை. அந்தப் படியேறுகிற சத்தம் இனிக் கேட்காது. ஒரு தகடு அமுக்கியிலேயே இருந்து கருகியது. லூக் முதல்தடவையாக அவளை ஏசினான். அதன்பிறகு அவள் ஜேர்மன்காரனை இன்னொரு நாளைக்குத் தரும்படி கேட்டாள்.

"இன்னொரு திருவிழாவா?" என்றான் லூக்.

"இல்லை, வீட்டுக்காரருக்கு ஒண்டு காட்டோணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இரவி மீன் பொரித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் பெல்ட், அதில் ஜேர்மன்காரனின் வெறும் உறை. பிஸ்டல் கொம்பனியில் பூட்டில் இருக்கும். உறையைப் பழக்கத்துக்கு வீட்டிலும் கட்டிக்கொண்டு திரிந்தார். அவள் நேரே போய் நீலப் பிஸ்டலை அதற்குள் இறக்கினாள். அவருக்குச் சிரிப்பு.

"என்ன, நீரும் சோதினை வைக்கப் போறீரோ? இந்தா பாரும்!" கண் இமைப்பதற்குள் உருவிக் காட்டினார், முகம் பிள்ளையின் முகம். திரும்ப உறையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். "நான் அறைக்குள்ள போற ஆளில்லை, தனுஷா. இனி யோசிக்காதையும். இண்டைக்குக் காலமை பாலத்துக்கு மேல என்ன பனி தெரியுமே? வண்டி மிதந்து போன மாதிரி. இன்னும் பத்து வருசம் ஓடுவன். அதுக்குப் பிறகு பென்சன் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் அதே பாலத்தில நடந்து போவம்..."

மீன் சீறியது. அவர் சொல்லிக்கொண்டே போனார். அவளும் ஒரு கணம் அந்தப் பாலத்தில் நடந்தாள், பனிக்குள், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு. அந்த மனுஷன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை வந்தது.

"இஞ்சாருங்கோ."

திரும்பினார். நீலப் பிஸ்டல் அவளுடைய இரண்டு விரல்களுக்கிடையில் தொங்கியது. அவருடைய கை தன்பாட்டில் இடுப்புக்குப் போய், வெறும் உறையைத் தடவியது. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

"எப்ப எடுத்தனீர்?"

"பத்து வருசம் எண்டு சொன்னீங்கள். அப்ப."

அடுப்பை நிறுத்தினார். அவள் மரத்துண்டுகளின் கதையைச் சொல்லி முடித்தாள். கோபித்துக் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார். பெருவிரல் மடங்கவில்லை, கொளுவி இரண்டு தரம் வழுக்கியது. தனுஷா பிஸ்டலை வைத்துவிட்டு, முழந்தாளிட்டு, தானே கழற்றினாள்.

"உறையை நல்லா இறுக்கிச் செய்யும்" என்றார் அவள் தலைக்கு மேலே.