நின்று நின்று ஓடிய கார்

எங்கள் காருக்கு இரண்டு நோய் இருந்தது. காலையில் கிளம்பாது. கிளம்பிவிட்டால் வழியில் நிற்கும். அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியை என் வீட்டுக்காரர் என்மேல் காட்டியிருந்தால் நான் இன்னும் பத்து வருஷம் இளமையாக இருந்திருப்பேன்.

சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து சிதம்பரம் போய், அங்கே வேலை பார்க்கும் மகளையும் பேரக்குழந்தையையும் கூட்டி வருவோம். மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, மீன்குழம்பு சாப்பிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். அப்படி வரும்போது ஒருநாள் முட்லூர் பிரிவில், சாலையைக் கடக்கும் நேரத்தில் கார் பொட்டென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் எங்களை உரசாமல் நின்றதே பெரிய விஷயம். ஹாரன் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது.

"அப்பா, இனிமே நாங்க பஸ்லயே வந்துக்கறோம்" என்றாள் மகள், கோபமில்லாமல். வீட்டுக்காரர் மறுபடி சாவியைத் திருகினார். வாரத்தில் அந்த ஒரு பயணத்துக்காகத்தான் மனிதர் மிச்ச நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஓய்வு பெறும்வரை பம்புகளைப் பழுது பார்த்தவர். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். சமையலில்கூட அதைச் சொல்லி என் உயிரை வாங்குவார்.

கிளம்பாத நோய் சீக்கிரமே பிடிபட்டது. சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, விளக்கும் மங்கியது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுத் தேய்த்து இறுக்கினார். மறுநாள் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் நிற்கிற நோய்தான் பிடி கொடுக்கவில்லை. பெட்ரோல் ஃபில்டர், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். மஞ்சக்குப்பத்து மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார்.

"எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது மாமா. ஒங்ககிட்ட மட்டும் மக்கர் பண்ணுது."

நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை, மகள் பஸ் ஏறுவதற்குள் போய் வாசலில் நின்றுவிட வேண்டும் என்று கிளப்பினார். நேர் சாலையில் கார் பட்டுப்போல ஓடியது. புதுச்சத்திரத்தில் முன்னால் ஒரு பால் வண்டி நிற்க, நாங்களும் நின்றோம். மறுபடி எடுக்கும்போது ஒரு குலுக்கலோடு அணைந்துபோனது. அப்போதுதான் கீழே பார்த்தேன். அவருடைய இடது செருப்பு தனியாகக் கிடந்தது. வெறுங்கால், மெதுவாக விட வேண்டிய கிளட்ச்சின் ஓரத்தில் பாதி வழுக்கி நின்றது.

"ஏங்க, செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்கு" என்றார் சாலையைப் பார்த்தபடி.

பல வருஷமாக அவருக்குச் சர்க்கரை; அது காலை மரத்துப்போக வைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொஞ்சம் நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் நூறு குறை சொல்கிறவர், அன்று தானாகவே இறங்கி மறுபக்கம் வந்து ஏறினார்.

அங்கிருந்து சிதம்பரம்வரை கார் எங்கேயும் நிற்கவில்லை. முட்லூரில் நிற்கவில்லை. வேகத்தடைகளில் நிற்கவில்லை. ஒரு தடவையாவது நின்று தொலையேன் என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினேன். கீழவீதி நெரிசலில் பஸ்களுக்குப் பின்னால் நின்று நின்று எடுத்தபோதும் அந்தப் பாழாய்ப்போன கார் சமர்த்தாக ஓடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன். ஓட்றவன மாத்தல."

அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். குதிகாலில் ஒரு முள் முறிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. அழுத்தினேன், அவர் முகம் மாறவில்லை. எப்போது குத்தியது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"வண்டியாச்சும் நின்னு நின்னு சொல்லிச்சு" என்றார். "இது ஒண்ணுமே சொல்லலியே."

பையும் குழந்தையுமாக மகள் வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அம்மா ஓட்டுவா. எனக்குத்தான் கொஞ்சம் வேலை பாக்கணும், ஆஸ்பத்திரி போயிட்டுப் போவோம்."

சொல்லிவிட்டு இறங்கி, வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் உட்காராத பின்சீட்டில் ஏறி, குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.