பேய்க்குப் போர்வை தைச்ச கதை

தையல் கடையில வேலை செய்யுற என்ட கூட்டாளிமாரே, முதல்ல குனிஞ்சு உங்கட சட்டையைப் பாருங்க. ஒரு பொத்தான் இல்லைதானே? எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பொத்தான் வைப்பம், எங்கட சட்டையில ஊசி குத்திக்கொண்டு திரிவம். "நாளைக்கு வாங்க, முடிஞ்சிரும்" எண்ட ஒரே பொய்யில நிக்கிற தொழில் இது. கம்பஸ் படிப்பை இரண்டாம் வருசத்தில விட்டுப்போட்டு வந்த எனக்கு இதை விடப் பொருத்தமான தொழில் எங்க கிடைக்கும், சொல்லுங்க. அங்கயும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தன்: நாளைக்கு வாறன், முடிச்சுத் தாறன்.

விருந்தாளி வாறார்

எங்கட கடை மட்டக்களப்பு டவுனுக்குள்ள, வாவிப் பக்கமா இரிக்கு. கடைக்காரி மெர்லின் அன்ரி, பறங்கி மனுசி. கணக்கா வெட்டுவா, கணக்கா ஏசுவா. தைக்கிறது வசந்தி அக்கா. நான் நூல் கோக்கிறது, அயன் பண்றது, மெஷினுக்கு எண்ணெய் விடுறது, தேத்தண்ணி வாங்கப் போய் அரை மணித்தியாலம் கதைச்சுப்போட்டு வாறது. கடையெல்லாம் ரெடிமேட் உடுப்பு நிறைஞ்ச பிறகு எங்களுக்கு மிஞ்சினது சாறி பிளவுசும் பள்ளிக்கூட வெள்ளையும்தான். அதால அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தம். மெடிக்கல் முடிஞ்சு, பாஸ்போட் ஏஜென்சிக்காரன்ட கையில. மகள் ஆறாம் வகுப்பு. அந்தப் புள்ள தாயோட கதைச்சு ஒரு கிழமை.

அந்த நேரம் பார்த்துத்தான் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒண்டில இருந்து ஒரு மேடம் வந்தா. ஹலோவீனாம். வெள்ளைக்காரர் பேய்க்கு நடத்துற திருவிழா. போனில படம் காட்டினா: துணியில பூசணிக்காய், துணியில பேய்த் தோரணம், எல்லாத்தையும் விட முக்கியமா ஒரு பெரிய போர்வை. துண்டுத்துணியை ஒட்டி, நடுவில பஞ்சு வச்சு, மூண்டையும் சேர்த்து மேலால தைக்கிறது. கில்ட் எண்டு சொல்லுவாங்க. அதை வரவேற்பு மண்டபத்துச் சுவரில தொங்கவிடப் போறாங்களாம். போர்வை நல்லா வந்தா வருசம் முழுக்க ஹோட்டலுக்குத் தைக்கிற வேலை எங்களுக்கு எண்டா மேடம். அப்பிடி வந்தா வசந்தி போகத் தேவையில்ல எண்டா அன்ரி. அக்கா படத்தை இரண்டு விரலால பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்தா. மேடம் வெளிக்கிட்டுப் போன பிறகுதான் வாயைத் திறந்தா.

"எங்கட ஊரில பேய் வந்தா ஓட்டுறதுக்கு ஆள் தேடுவாங்க. இவங்க என்ன தம்பி, போர்வை தைச்சு வச்சுக் கூப்பிடுறாங்க?"

செத்தது ஆர்?

முதல் வேலை பேய்த் தோரணம். வெள்ளைத் துணியில நாப்பது குட்டிப் பேய், ஒரே நாடாவில. அக்கா ஓரம் அடிச்சுத் தந்தா. கறுப்பில கண் வைக்க முதல் சோக்குக் கோடு போகக் கழுவிக் காயப்போடச் சொன்னா. மழை விட்டு வெயில் எறிச்ச ஒரு நேரம். நான் கேற்றில ஒரு முனையைக் கட்டி, மற்ற முனையை றோட்டுக்கு அங்கால லைட் போஸ்டில கட்டினன். காத்துக்கு நாப்பதும் ஆடிச்சு. சோக்கா இருந்திச்சு.

கண்ணில்லாத பேய் எப்பிடி இரிக்கும்? வெள்ளைக் கொடி மாதிரி இரிக்கும். எங்கட பக்கம் வெள்ளைக் கொடி எப்ப கட்டுவம்? செத்த வீட்டுக்குத்தானே. அவ்வளவும் தெரிஞ்ச பொடியன்தான் நான், ஆனா அந்த நேரம் மூளை லீவில. பக்கத்துப் புடவைக் கடை முதலாளி காக்கா மரியாதைக்கு ஒரு கதவைச் சாத்தினார். ஓட்டோக்காரப் பொடியன்மார் பாட்டை நிப்பாட்டினாங்க. ஒரு மனுசி சீனிப் பக்கற்றோட வந்து, எத்தினை மணிக்கு எடுக்கிறாங்க எண்டு என்னைக் கேட்டா. நான் பேயைத்தான் கேக்கிறா எண்டு நினைச்சு, "வெள்ளிக்கிழமை வேன் வரும்" எண்டன். மறுகா எங்கட பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர், வங்கியில வேலை செய்யுறவர், வெள்ளைச் சட்டையோட வந்து கடைக்குள்ள எட்டிப் பார்த்தார். மெர்லின் அன்ரி கவுண்டரில இருந்து பொரிச்ச கடலை திண்டுகொண்டு இருந்தா.

"அப்ப நீங்க இல்லையா? நான் அரை நாள் லீவும் போட்டுட்டு வந்திட்டனே!"

அன்ரி அவரை இருத்தித் தேத்தண்ணி குடுத்து அனுப்பினா. பிறகு என்ட பக்கம் திரும்பினா.

"என்னை ஒருக்காச் சாகடிச்சிட்டாய் மனே. இன்னொரு பிழை விட்டியோ, வேலையும் இல்ல, உன்ட ஊருக்குச் செங்கலடி பஸ்ஸில ஏறினவன் ஏறினவன்தான்."

பல்லுப் பெரிசா

செம்மஞ்சள் துணியில பூசணிக்காய் தைக்கிறது லேசு எண்டு நினைக்காதீங்க. ஆறு துண்டு, ஆறும் ஒரே வளைவு. ஒண்டு பிசகினா பூசணி சரிஞ்சு, தண்ணி போட்ட ஆள் மாதிரி நிக்கும். அக்கா கடதாசியில ஒரேயொரு அச்சு வெட்டினா. முதல் காயே நிமிர்ந்து நிண்டிச்சு. மேல காம்பு, நடுவில முக்கோணக் கண், முழுப் பல்லும் தெரியுற சிரிப்பு. செஞ்சு முடிச்ச பன்னிரண்டையும் நான் கண்ணாடி அல்மாரியில அடுக்கி வச்சன்.

காற்சட்டை கட்டையாக்க வந்த ஒரு அண்ணன், உன்னிச்சைப் பக்கம் வயல்காரர், அல்மாரிக்கு முன்னால அசையாம நிண்டார். புது வீடு கட்டுறாராம். கண்ணூறு படாம முகம் கீறின பூசணி ஒண்டைக் கட்டித் தொங்கவிட்டாராம். மழைக்கு அது அழுகி, நேத்து மேசன்ட தலையில விழுந்திட்டாம். இது அழுகாதுதானே எண்டு கேட்டார். பஞ்சுதான் அண்ணன், நனைஞ்சாலும் காயும் எண்டன். வெள்ளைக்காரன்ட பேயையும் எங்கட கண்ணூறையும் ஒரே காயில முடிச்ச பெருமை அக்காவுக்குத்தான். அவர் தனக்கும் ஒண்டு தைக்கச் சொல்லிப்போட்டுப் போனார், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, பல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசா வைக்கச் சொல்லுங்க. எங்கட பக்கத்து வீட்டு மனுசிட கண் சாதாரண கண் இல்ல."

பசிச்ச பேய்

பெரிய போர்வைக்கு மேடம் ஒரு தாள் தந்தவ. முழுக்க இங்கிலிஸ், முழுக்க அளவு. நான் கம்பஸ் போனவன் எண்டு பெருமையா வாசிச்சு விளங்கப்படுத்தினன். நான் சொன்ன அளவில வெட்டிப் பார்த்த முதல் மூலை பொருந்தவேயில்ல. தையலுக்கு உள்ள போற துணியை நான் கணக்கிலயே எடுக்கல்ல. அக்கா தாளை வாங்கி மடிச்சு, ஆடுற மேசைக்காலுக்குக் கீழ வச்சா. பழைய பேப்பர் ஒண்டை எட்டா மடிச்சா, விரிச்சா, கோட்டைப் பார்த்தா, வெட்டத் தொடங்கினா. அதுக்குப் பிறகு ஒரு மூலையும் பிசகல்ல.

துணியெல்லாம் எங்கட வெட்டுத்துணி மூட்டைக்குள்ள இருந்துதான் வந்திச்சு. சாரத்துத் துண்டில இருட்டு வானம். ஆற்றயோ கலியாணப் பிளவுஸ் மிச்சத்தில பெரிய செம்மஞ்சள் நிலா. நிலாவுக்குக் கீழ வாவி, வாவியில ஒரு தோணி, தோணிக்குள்ள மூண்டு பேய். படத்தில இருந்தது புகைக்கூடு வச்ச கோட்டை வீடு. அதுக்குள்ள என்ன இரிக்கு எண்டு எனக்குத் தெரியா, தோணிக்குள்ள என்ன இரிக்கும் எண்டு தெரியும் எண்டா அக்கா. பேயின்ட கையில தூண்டிலும் குடுத்திட்டா. நான் பகிடி விடலாம் எண்டு வாயெடுத்தன், வரல்ல. அவ்வளவு வடிவு.

மெர்லின் அன்ரிக்கு இந்த வேலையே தொடக்கத்தில பிடிக்கல்ல. செத்துப்போன எங்கட ஆக்களுக்குச் சேமக்காலையில மெழுகுதிரி கொளுத்துற நேரம் இது, அதில என்ன பேய்க் கூத்து எண்டு புறுபுறுத்துக்கொண்டுதான் இருந்தா. போர்வையை மேசையில விரிச்ச அண்டைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தா. கனநேரம் பார்த்தா.

"பயமே வரல்லயே வசந்தி. இதுகளைக் கூப்பிட்டுச் சோறு போடணும் போல இரிக்கு."

கத்தரிக்கோல்

மேடம் பின்னேரம் மூண்டு மணிக்குப் பார்க்க வாறதா அறிவிச்சிருந்தா. மத்தியானம் அன்ரி சாப்பிட வீட்ட போயிட்டா. மிச்சம் இருந்தது பிசிறு நூல் வெட்டுறது மட்டும்தான். அதை என்னட்டத் தந்திட்டு அக்கா ஓரம் சரி பார்த்துக்கொண்டு இருந்தா. நான் வெள்ளைக் கொடிக் கதையை அந்த வங்கிக்காரர் மாதிரியே நடிச்சுக் காட்டினன். அக்கா சிரிச்சா. சிரிச்சா எண்டால் எனக்குக் காணும், இன்னும் நடிப்பன். கைக்குள்ள கத்தரிக்கோல். போர்வை மடிஞ்சு கிடந்தது எனக்குத் தெரியல்ல. நூலோட சேர்த்து நிலாவையும் கடிச்சிட்டு. மேல் துணி, பஞ்சு, பின் துணி, மூண்டும். இரண்டு விரல் நுழையுற ஓட்டை.

செங்கலடி பஸ் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டிச்சு, அதுக்குப் பின்னால குவைத் பிளேனும். அக்கா ஏசல்ல. கடிகாரத்தைப் பார்த்தா. பின்பக்கத்துக்கு அதே துணியில சின்னத் துண்டு வச்சு, பஞ்சை விரலால நிரவி, கையாலயே தைச்சா. தையல் ஒவ்வொண்டும் எறும்புக் கால் அளவு. முன்பக்கத்துக்குக் கறுப்பில ஒரு வௌவால் வெட்டினா. செட்டையை விரிச்சுக்கொண்டு நிலாவுக்குக் குறுக்கால பறக்கிற மாதிரி வச்சு, ஓரத்தை ஊசியால மடிச்சு மடிச்சுத் தைச்சா. நூலைப் பல்லால கடிச்சிட்டு என்னைப் பார்த்தா.

"இனிமேல் வாயையும் கத்தரிக்கோலையும் ஒரே நேரத்தில திறக்காத தம்பி."

பின்பக்கம்

மேடம் வந்தா. முன்பக்கத்தைப் பார்த்துச் சிரிச்சா. தூண்டில் பிடிச்ச பேயைப் படம் எடுத்தா. அதோட போயிருக்கலாம். ஆனா துணி தெரிஞ்ச மனுசி, போர்வையைத் திருப்பிப் போட்டா. விரலால தடவிக்கொண்டு வந்தவ அந்தச் சின்னத் துண்டில நிண்டா.

"இது என்ன?" எண்டா.

அன்ரிக்கும் அப்பதான் தெரியும். என்னைப் பார்த்தா. நான் நூல்கட்டையை எடுத்து நூல் சுத்தத் தொடங்கினன்.

"நான்தான் மேடம்," எண்டா வசந்தி அக்கா. "கை தவறி வெட்டிட்டன். அதை மறைக்கத்தான் முன்னால வௌவால்."

மேடம் அந்த இடத்தை இரண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. திருப்பி இன்னொருக்கா, பலமா. தையல் அசையல்ல. "எங்கட போர்வை, திரைச்சீலை கிழிஞ்சா கொழும்புக்குத்தான் அனுப்புறம். திரும்பி வர மாசக்கணக்கு. வந்தாலும் ஒட்டுப் போட்டது தூரத்தில இருந்தே தெரியும்," எண்டா. "புதுசு தைக்கிற ஆக்கள் நிறையப் பேர் இரிக்காங்க. இப்பிடிப் பழுது பார்க்கிற ஆள் எனக்குக் கிடைக்கல்ல. இரண்டு வேலையையும் நீங்களே செய்யுங்க." அடுத்த திங்கக்கிழமையே இரண்டு மூட்டை வந்து இறங்கிச்சு.

அண்டைக்கு மேடம் போன பிறகு நான் மெல்லமாக் கேட்டன், ஏனக்கா அப்பிடிச் சொன்னீங்க எண்டு. நீ போனா மெஷினுக்கு எண்ணெய் விடுறது ஆர், போய் வேலையைப் பார் எண்டா. பிறகு போனை எடுத்து வாசலடிக்குப் போய் ஏஜென்சிக்காரனோட கதைச்சா. அவன் அங்கால கத்துறது எனக்கே கேட்டிச்சு.

"இல்ல தம்பி, நான் வரல்ல. இங்க பேய்களுக்குத் தைச்சுக் குடுக்க வேற ஆள் இல்லையாம்."

அன்ரி, இதை நீங்க வாசிச்சா வாசிங்க: அந்த நிலாவை வெட்டினது நான், வசந்தி அக்கா தன்ட வேலையையே பணயம் வச்சு என்ட பிழையைத் தன்ட தலையில போடக்குள்ள, பக்கத்தில நூல் சுத்திக்கொண்டு சும்மா நிண்டதும் நான்தான்.