பிச்சையா சாரின் சிவப்புக் கோடு

சுரண்டை பஸ் கண்டக்டர்தான் சொன்னார்: "டிராயிங் சார் பிச்சையா போய்ட்டாகளாம். அதான் சார், அருவியப் பாத்து ஷேர் வெல சொல்லுவாகள்லா, அவுகதான்."

சாவுச் செய்தியிலுமா இந்தப் பொய்? எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரை அறிந்த தென்காசிக்காரர்களே, அவர் ஒரு நாளும் அருவியைப் பார்த்து விலை சொன்னதில்லை. அருவியைப் பார்த்தவர்கள் நாம்.

பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் சரித்திர ஆசிரியர். சாயங்காலம் வாசகசாலையில் உட்கார்ந்து, பத்திரிகையில் வரும் ஒரு நூல் மில்லின் பங்கு விலையைக் கிராஃப் தாளில் புள்ளி வைப்பார். வருஷத்துக்கு ஒரு கோடு. சில வருஷங்கள் சேர்ந்ததும் விஷயம் தெரிந்தது. மாசியில் ஏறத் தொடங்கும் விலை வைகாசியில் உச்சிக்குப் போய், ஆனி பிறந்ததும் இறங்கிவிடுகிறது. "வைகாசிக் கடைசியில மில்லுக்காரன் லாபத்துல பங்கு குடுக்கான். அதுக்காகத்தான் ஷேர் வாங்குதானுவ. லாபம் கைக்கு வந்ததும் வித்துட்டுப் போயிருதானுவ. அவ்வளவுதாம்வே" என்றார். படத்தை வாசகசாலைச் சுவரில் ஒட்டினார். அவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை. கேட்டால், "நடந்ததே திரும்ப நடக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?" என்பார்.

நமக்குக் காரணம் எதற்கு? ஆனியில்தான் குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழும். அப்போதுதானே விலையும் இறங்குகிறது? எல்லாம் அருவிதான் என்று முடிவு கட்டினோம். தண்ணீர் விழுந்ததும் விற்றுவிடுவது என்று, பங்கு வாங்கியிருந்த நாலைந்து பேர் காலை பஸ்ஸில் குற்றாலம் போய், தண்ணீர் வந்துவிட்டதா என்று பாறையைப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு வருஷம் சாரல் ஏமாற்றியது. ஆனி பாதி கடந்தும் பாறை காய்ந்து கிடந்தது.

"மில்லுக்கும் அருவிக்கும் என்னவே சம்பந்தம்?" என்று பிச்சையா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னும் தண்ணி வரலையே, சார்" என்று சிரித்தேன். விலை தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. என் மனைவியின் சங்கிலியை விற்று வாங்கிய பங்குகள் கண்ணெதிரே சரிந்தன.

வாசகசாலையில், எங்களோடு பங்கு வாங்கி நஷ்டப்பட்ட ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர், "ஊரையே கெடுத்துட்டீரே!" என்று கத்திப் படத்தைக் கிழித்தார். பிச்சையா என்னைப் பார்த்தார். அவர் சொன்னது என்ன, நாங்கள் செய்தது என்ன என்று எடுத்துச் சொல்லக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான். நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

மறுநாள் அதே இடத்தில் புதுப் படம் இருந்தது. அதில் ஒரு கோடு மட்டும் சிவப்பு மை. ஆனியில் விலை இறங்காமல் ஏறிப்போன ஒரு பழைய வருஷம் அது. முதல் படத்திலும் அந்தக் கோடு இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

"ஆனியில வெல எறங்கும்னு நீரு சொன்னது பொய்யாப் போச்சுன்னு நீரே காட்டுதீரே?" என்றேன்.

"தப்புன வருசத்த மறைச்சா அது படம் இல்லவே, விளம்பரம்."

அதையும் கிழித்தார்கள். மறுபடி ஒட்டினார். ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொண்டே இருந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் கடைசிப் படத்தை என்னிடம் தந்தாள். அது என்னோடு இருக்கும். நேற்று அதைப் பார்த்து நானே ஒன்று வரைந்து வாசகசாலைச் சுவரில் ஒட்டினேன். கோடு கோணல்தான். கீழே, 'அருவியைப் பார்த்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிழிக்கிறவர்கள் கிழிக்கலாம். கிராஃப் தாள் கட்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.